கர்னல் பில்டில் கம்பைலர் விழுந்தால்: நீலகிரி மெஷின்களில் பார்த்தவை

ஊட்டி:
லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை சோர்ஸ் கோடிலிருந்து கட்டும் வேலை (கம்பைல்) பாதியில் 'இன்டர்னல் கம்பைலர் எரர், செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று நின்றால் உடனே கம்பைலரான ஜிசிசியை (GCC) மாற்றாதீங்க. எதையும் தொடாமல் அதே மேக் கட்டளையை இன்னொரு தடவை ஓட்டுங்க. நின்ற ஃபைலைத் தாண்டிப் போய் வேறொன்றில் விழுந்தால் கோளாறு ஹார்டுவேரில், பெரும்பாலும் ரேமில். அதே ஃபைல், அதே வரி என்றால்தான் கம்பைலரைச் சந்தேகப்படணும். திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, இது ஹார்டுவேர் அல்லது ஓஎஸ் பிரச்சினையாக இருக்கலாம் என்று ஜிசிசியே சில சமயம் சொல்லும். அந்த வரியைத் தவறவிடாதீங்க.

கோத்தகிரி:
ஊட்டி அண்ணா சொன்னதில் ஒரு கண்ணி இருக்கு. கெட்ட பிட் ஒரு ஹெடர் ஃபைலின் பேஜ் கேஷில் (ரேமில் வைத்திருக்கும் ஃபைல் நகலில்) உட்கார்ந்துவிட்டால், ரேம் கோளாறும் ஒரே இடத்தில்தான் விழும். அதனால் ரீபூட் பண்ணி இன்னொரு முறை ஓட்டின பிறகுதான் முடிவு கட்டணும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பக்கம் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அந்த ஈரத்தில் கிடக்கும் கேபினெட்டில் முதலில் ரேம் கான்டாக்டைப் பாருங்க. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, ஸ்டிக்கைக் கழற்றுங்க. தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்தணும். சால்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம், முலாம் போய்விடும். பிறகு பயாஸில் ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியை (XMP) ஆஃப் பண்ணி, ஒவ்வொரு ஸ்டிக்காகப் போட்டு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ஸ்டிக்கில் கர்னல் கட்டக்கூடாது.

குளிர் ஊர்தானே என்று ஃபேனையும் விட்டுவிடாதீங்க. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். அதே வேகத்தில் சுற்றும் ஃபேன் குறைந்த வெப்பத்தைத்தான் வெளியே தள்ளும்.

கூடலூர்:
8 ஜிபி லேப்டாப்பில் வருவது பெரும்பாலும் வேறு. 'கில்டு' (Killed) என்று வந்து, ஜிசிசியின் உள்ளே ஓடும் சிசி1 (cc1) செத்தால் அது கம்பைலர் கிராஷே இல்லை, மெமரி தீர்ந்து கர்னல் கொன்றது. கர்னல் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜில் (dmesg) 'அவுட் ஆஃப் மெமரி' வரி இருக்கும். ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடணும் என்று சொல்லும் மேக்கின் -ஜே (-j) எண்ணை 2 ஆக்குங்க, ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் ஸ்வாப் 4 முதல் 8 ஜிபி சேருங்க. கம்பைல் எல்லாம் முடிந்து விஎம்லினக்ஸ் (vmlinux) என்ற முழுக் கர்னல் ஃபைலைக் கட்டும் கடைசிக் கட்டத்தில் விழுந்தால், மெமரியைத் தின்பது பிடிஎஃப் (BTF) என்ற டீபக் தகவலைத் தயாரிக்கும் பஹோல் (pahole) கருவி. /பூட்டிலிருந்து எடுத்த டிஸ்ட்ரோ கான்ஃபிகில் அது ஆனாகவே வரும். டீபக் வேலை இல்லையென்றால் டீபக் இன்ஃபோவையே அணைத்துவிடலாம்.

ஊட்டி:
ரேம் சுத்தம், மெமரி போதும், அப்போதும் அதே வரியா? ஜிசிசி வெர்ஷனைப் பாருங்க. கர்னல் 5.15-க்குக் குறைந்தது 5.1, 6.16-க்கு 8.1 வேணும். ஜிசிசியை அப்டேட் பண்ணியிருந்தால், .config ஃபைலை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு மேக் எம்ஆர்புராப்பர் (make mrproper) போடுங்க, அது .config-ஐயும் அழித்துவிடும். பழைய கம்பைலருக்குக் கட்டின ஜிசிசி பிளகின் புதியதோடு ஒத்துப்போகாது. அதற்கும் அசையாவிட்டால் முழுக் கட்டளைகளையும் காட்டும் மேக் வி=1 (make V=1) போட்டு, விழும் ஃபைலின் முழுக் கட்டளையை எடுத்து, கடைசியில் -எஃப்ரிப்போர்ட்-பக் (-freport-bug) சேர்த்துத் தனியாக ஓட்டுங்க. /டிஎம்பி-யில் ஒரு .அவுட் ஃபைல் விழும். ஜிசிசியின் பிழைப் புகார்த் தளமான பக்ஸில்லாவில் புகார் வைக்கும்போது அதை அப்படியே இணைக்கணும்.