ஹஸ்கி, சமோயெட், அகிடா: பழகிப் பார்த்த குணங்கள்

ஸ்பிட்ஸ் வகை நாய் என்றாலே "சொன்ன பேச்சு கேட்காது" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். நான் பழகியவரை அதில் பாதிதான் உண்மை. விறைத்த காது, முதுகின்மேல் சுருண்ட வால், இரண்டு அடுக்கு முடி என்று பார்க்க ஒரே சாயலில் இருந்தாலும் ஒவ்வொன்றின் குணமும் வேறு. எந்த வேலைக்காக வளர்த்தார்களோ, அந்த வேலை இன்னும் அதன் ரத்தத்தில் ஊறியிருக்கிறது.

நண்பர் வெளியூர் போகும்போதெல்லாம் அவருடைய ஹஸ்கி என் பொறுப்பில்தான் இருக்கும். கூப்பிட்டால் காது மட்டும் திரும்பும், உடம்பு திரும்பாது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நான் ஒரு பக்கம் இழுத்தால், அப்படியே உட்கார்ந்துகொண்டு, தொண்டையிலிருந்து ஏற்ற இறக்கத்தோடு நீளமாக முறையிடும். குரைப்பது அபூர்வம். இதைத் திமிர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சைபீரியாவின் வடகிழக்கில் சுக்சி மக்கள் இதன் முன்னோர்களைப் பனிவண்டி இழுக்க வளர்த்தார்கள். காலடியில் பனிக்கட்டி மெலிந்திருப்பது முன்னால் ஓடும் நாய்க்குத்தான் முதலில் தெரியும். பின்னால் இருப்பவர் "போ" என்றாலும் அது நின்றாக வேண்டும். 1925-இல் அலாஸ்காவின் நோம் நகரத்தில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, மருந்து நாய் வண்டிகளில்தான் போய்ச் சேர்ந்தது. பனிப்புயலில் ஓட்டுபவரின் கண்ணுக்கே எதுவும் தெரியாத நிலையிலும் பால்டோ என்ற நாய் தடம் பிடித்துப் போனது. அப்படிப்பட்ட வம்சத்திடம் மறுபேச்சில்லாத கீழ்ப்படிதலை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

காவலுக்கு மட்டும் ஹஸ்கியை நம்பாதீர்கள். முன்பின் தெரியாதவர் வந்தாலும் வாலாட்டிக்கொண்டு போய் ஒட்டிக்கொள்ளும். பூனை, அணில் என்றால் கதையே வேறு. புதரில் ஏதோ அசைந்தால் போதும்: தலை தாழும், சுருண்ட வால் இறங்கும், அடுத்த நொடி கையிலிருக்கும் பெல்ட் விறைத்துவிடும். வேலி இல்லாத இடத்தில் அவிழ்த்துவிடவே கூடாது.

சமோயெட் இதற்கு நேர் எதிர் என்று சொல்லலாம். உறவினர் வீட்டில் ஒன்று இருக்கிறது. எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வந்து, காலில் முதுகை முட்டுக்கொடுத்துப் படுக்கும். கலைமான் மேய்க்கும் மக்களோடு கூடாரத்துக்குள்ளேயே தூங்கி வளர்ந்த இனம் அது. தனியாக விட்டுவிட்டுப் போனால்தான் தாங்காது. குரைத்துத் தீர்க்கும், கதவு விளிம்பைக் கடிக்கும். நாள் முழுக்க வீட்டில் ஆள் இல்லாதவர்கள் தயவுசெய்து இதை வாங்காதீர்கள்.

எனக்கு மிகவும் மரியாதை உண்டான நாய் அகிடா. கால்நடை மருத்துவரிடம் காத்திருந்த நேரத்தில் எதிரே ஓர் ஆண் அகிடா நின்றிருந்தது. உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. பக்கத்தில் வேறொரு ஆண் நாய் வந்ததும் காதுகள் மட்டும் ஒரு விரல் அளவு முன்னால் சாய்ந்தன, வாய் மூடிக்கொண்டது, அவ்வளவுதான். வளர்ப்பவருக்கு அது போதுமான எச்சரிக்கை. உடனே எழுந்து வெளியே கூட்டிப்போய்விட்டார். முகத்தில் அடர்ந்த முடியும் எப்போதும் நிமிர்ந்த காதும் வாலும் இருப்பதால் இதன் மனநிலையைப் படிப்பது கஷ்டம். மற்ற நாய்களுக்கும் அப்படித்தான். கரடி வேட்டைக்குப் போன இனம், வண்டி நாய்களைப் போலக் கூட்டமாக வேலை செய்து பழகியதில்லை. ஜப்பானில் ஹச்சிகோ என்ற அகிடா, இறந்துபோன தன் எஜமானருக்காக 1935-இல் தான் சாகும்வரை ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருந்ததைக் கேட்டு உருகி, அகிடா எல்லோரிடமும் குழையும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாசம் தன் ஆளிடம் மட்டும்தான். வீட்டில் ஏற்கெனவே ஆண் நாய் இருந்தால், இன்னோர் ஆண் அகிடாவைக் கொண்டுவருவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். அலாஸ்காவின் பெரிய வண்டி நாயான மலமூட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அப்புறம் பொமரேனியன். உருவம் சிறிதானாலும் இதுவும் ஸ்பிட்ஸ்தான், வாசலில் சத்தம் கேட்டால் குரைத்தே ஆகும். பக்கத்து வீட்டுப் பொமரேனியனை அதட்டினால் அதுவும் சேர்ந்து கத்தும். அவர்கள் இப்போது எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, பார்த்தாச்சு" என்று சொல்லி ஒரு தின்பண்டம் கொடுக்கிறார்கள். இரண்டு குரையோடு நிறுத்திக்கொள்கிறது.