அலுமினிய செக்‌ஷன்ல வெள்ளைத் திட்டு: கடலோர ஷெட்ல எப்படி அடுக்குறது?

மண்டபம் ஷெட்
கடல்ல இருந்து 300 மீட்டர்ல ஷெட். ஐப்பசி மழையில மதுரை லோடு இறங்குச்சு: 12 அடி மில் ஃபினிஷ் (பூச்சு எதுவும் இல்லாத) செக்‌ஷன் (நீளச் சட்டம்) 40, 8 அடிக்கு 4 அடி ஷீட் 1.5 எம்எம் பத்து. தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடி ஆறு வாரம் ஆச்சு. இப்ப பிரிச்சா வெளிப்பக்கம் பளபளன்னு இருக்கு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்த பக்கம் மட்டும் சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளை. தேய்ச்சா போகுமா? பவுடர் கோட்டிங்குக்கு (பொடியைச் சுட்டு ஒட்டுற பூச்சு) அனுப்பலாமா?

உப்புக்காத்து
மழையில நனைஞ்சது தப்பில்ல, நனைஞ்சதை மூடினதுதான் தப்பு. ரெண்டு தகடுக்கு நடுவுல மயிரிழை இடைவெளிதான் இருக்கும். அதுல புகுந்த தண்ணி காயவே காயாது, காத்தும் போகாது. அலுமினியத்தைக் காப்பாத்துற மெல்லிய ஆக்சைடு தோல் அந்த இடத்துல புதுசா கட்ட முடியாம, ஹைட்ராக்சைடா பூத்து வெள்ளையாகும். வெளிப்பக்கம் காத்து பட்டுக் காய்ஞ்சதால தப்பிச்சது. நம்ம ஊர்ல உப்பும் சேர்ந்துக்கும். காத்துல ஈரம் 75 சதவீதம் தாண்டினா உப்பு தானே தண்ணியை இழுக்கும், அதனால மழை இல்லாத நாள்லயும் விடியக்காலையில செக்‌ஷன் பிசுபிசுன்னு இருக்கும்.

திட்டு மேல நகத்தை ஓட்டிப் பாருங்க. வழுக்கினா மேலோட்டம். சொரசொரன்னு தட்டினா குழி விழுந்தாச்சு.

மேலோட்டமா இருந்தா முதல்ல நல்ல தண்ணியும் லேசான சோப்பும் போட்டுக் கழுவுங்க. போகலேன்னா கடை வினிகர்ல சம அளவு தண்ணி கலந்து, துணியில நனைச்சு அஞ்சு நிமிஷம் போட்டு வச்சு, நைலான் ஸ்க்ரப்பரால நீளவாக்குல மட்டும் தேயுங்க. வட்டமா தேய்ச்சா வெயில்ல கோடு கோடா தெரியும். கழுவின கையோட துடைச்சுக் காய வைக்கணும். இரும்பு நார் வேண்டவே வேண்டாம், அதுல இருந்து உடையுற துணுக்கு அலுமினியத்துல குத்தி நின்னு துரு பிடிக்கும். சலவை சோடாவும் ஆகாது. காரம் ஆக்சைடையே கரைச்சிடும்.

கீழக்கரை பாய்
கோட்டிங்குக்கு அனுப்பலாம். ஆனா திட்டு இருக்குன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. அவங்க எட்ச்சிங்ல (ரசாயனக் கரைசல்ல மேல்தோலை அரிக்கிறது) எடுத்துக் கழுவினாத்தான் பூச்சு பிடிக்கும். உப்பு ஒட்டியிருக்கும்போதே மேல பூசினா, கொஞ்ச நாள்ல வெட்டின ஓரத்துல இருந்து பூச்சுக்கு அடியில புழு ஊர்ந்த தடம் மாதிரி கிளம்பும். கடலோர வேலைக்கு 60 மைக்ரானுக்குக் குறையாத பூச்சு கேளுங்க. அனோடைசிங்னா (மின்சாரம் விட்டு ஆக்சைடு தோலைத் தடிமனாக்குறது) 20 மைக்ரான்.

அடுத்த லோடுக்கு தார்ப்பாய்க்குப் பதிலா பிளாஸ்டிக் ஃபிலிம் சுத்தி வச்சிருங்க, காத்தே படாது.

உப்புக்காத்து
பாய், ஃபிலிமும் அதே கதைதான். சரக்கு காய்ஞ்சிருக்கும்போது சுத்தினா சரி. ஈரத்தோட சுத்தினா உள்ளேயே வேர்க்கும். லோடு வந்த அன்னைக்கே கட்டுப் பிரிச்சு, துடைச்சு, ஃபேன் காத்துல விடணும். கட்டுக்குள்ள நனைஞ்ச பேப்பர் இருந்தா எடுத்துப் போடுங்க, அது ஈரத்துணி பத்து போட்ட மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும்.

ரேக்கு தரையில இருந்து அரை அடி உயரம், சுவத்துல இருந்து ஒரு அடி தள்ளி. ரேக்கோட இரும்பு ஆங்கிள் மேல நேரா வைக்காம பழைய ஹோஸைக் கிழிச்சு மாட்டுங்க. இரும்பும் அலுமினியமும் ஈரத்துல தொட்டுக்கிட்டு இருந்தா அரிக்கிறது அலுமினியத்தைத்தான். 12 அடிக்கு நாலு தாங்கு இருந்தா வளையாது. ஷீட்டைப் படுக்கப் போடாம, கட்டை வச்சுச் சாய்ச்சு நிறுத்துங்க, நடுவுல காய்ஞ்ச மெல்லிய ரீப்பர் (மரச்சட்டம்). வாடைக்காத்து அடிக்கிற மாசங்கள்ல வடக்கு ஷட்டரைச் சாத்தி வச்சு, எதிர்ப்பக்கத்தைத் திறந்து விடுங்க.

1.5 எம்எம் ஷீட்டு 12 கிலோதான், ஒருத்தரே தூக்கிடலாம்னு தோணும். கடல்காத்து வாங்கினா படகுப் பாய் மாதிரி இழுத்துட்டுப் போகும், மூலை தரையில இடிச்சு மடங்கும். ரெண்டு பேர் தூக்குங்க, இழுக்காதீங்க. கையுறை போடுங்க, வேர்வையும் உப்புதானே. அளவுக்கு பென்சில்ல கோடு போடாதீங்க, கிராஃபைட் பட்ட இடம் ஈரத்துல அரிக்கும். மார்க்கர் போதும்.

மண்டபம் ஷெட்
நன்றி. நகத்துல பார்த்தேன், ஷீட்டு எட்டு வழுக்குது, ரெண்டுதான் தட்டுது. கழுவ போர் தண்ணி போதுமா?

கீழக்கரை பாய்
நாக்குல வச்சுப் பாருங்க, உப்புக் கரிச்சா வேண்டாம். கடைசி அலசலுக்காவது காவிரித் தண்ணி. தட்டுற ரெண்டையும் தனியா வச்சு, கண்ணுக்குத் தெரியாம உள்ளே போற துண்டு வேலைக்கு வெட்டிக்கோங்க.

உப்புக்காத்து
இன்னொண்ணு: பக்கத்துலயே இரும்பு கட்டிங் மிஷின் ஓடுனா இடையில திரை கட்டுங்க. பறக்குற பொறி அலுமினியத்துல விழுந்து ஒட்டினா மறுநாளே செம்புள்ளி.