ஆண்டுக்கு 4,000 கி.மீ. மட்டுமே ஓடும் பெட்ரோல் காருக்கு என்ஜின் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும்?

வேளச்சேரிவாசி:

அனைவருக்கும் வணக்கம். 2021இல் வாங்கிய ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து தரமணியில் உள்ள அலுவலகத்துக்குப் போய் வருவதும், மாலையில் பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவதும்தான் அதன் அன்றாட வேலை. ஒரு நடைக்கு நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. ஆனால் நெரிசலில் அந்தத் தொலைவைக் கடக்கவே பல நாள் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. பொங்கலுக்குத் திருநெல்வேலி போய் வருவதைச் சேர்த்தாலும் ஆண்டுக்கு 4,000 கி.மீ.யைத் தாண்டுவதில்லை.

10,000 கி.மீ. அல்லது 12 மாதம், இவற்றில் எது முன்னால் வருகிறதோ அப்போது ஆயிலை மாற்ற வேண்டும் என்று கையேடு சொல்கிறது. எங்கள் தெருவில் பட்டறை வைத்திருப்பவரோ, 5,000 கி.மீ. என்பதுதான் கணக்கு, மாதக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை என்கிறார். ஃபுல் சிந்தெட்டிக் (முழுக்கச் செயற்கை முறையில் தயாரித்த ஆயில்) ஊற்றிவிட்டால் 15,000 கி.மீ. வரை தொடவே வேண்டாம் என்பது அலுவலக நண்பர் ஒருவரின் கருத்து. சென்ற முறை மாற்றிய ஆயில் 4,000 கி.மீ.கூட ஓடவில்லை, ஆனால் ஆண்டு முடியப்போகிறது. ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை எடுத்துப் பார்த்தால் ஆயில் நன்றாகவே கறுத்திருக்கிறது. அது உண்மையிலேயே கெட்டுவிட்டதா, அல்லது நல்ல ஆயிலை வீணாகக் கொட்டப்போகிறேனா என்பதைக் காரணத்துடன் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாகுநிலை:

நண்பரே, மசகு எண்ணெய்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஓடோமீட்டர் காட்டுவது சக்கரம் கடந்த தொலைவை மட்டுமே. ஆயிலின் நிலையைத் தீர்மானிப்பவை, என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை குளிர்ந்த நிலையில் கிளப்பப்பட்டது, எவ்வளவு நேரம் முழுச் சூட்டில் இருந்தது என்னும் மூன்றும்தான். உங்கள் காரின் சராசரி வேகம் மணிக்கு 16 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 4,000 கி.மீ. ஓட்டத்துக்கு என்ஜின் 250 மணி நேரம் உழைத்திருக்கிறது. நான்குவழிச் சாலையில் மணிக்கு 70 கி.மீ. சராசரியில் ஓடும் கார் அதே 250 மணி நேரத்தில் 17,500 கி.மீ. கடந்திருக்கும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1980களின் இறுதியிலேயே, தொலைவை மட்டும் நம்பாமல் என்ஜினின் சுழற்சிகளையும் வெப்பநிலையையும் கணக்கிட்டு ஆயில் மாற்றும் வேளையைச் சொல்லும் அமைப்பைக் கார்களில் பொருத்தத் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

உங்கள் ஓட்டத்தில் என் கவலைக்குரியது மணிக் கணக்கைவிடக் குளிர்ந்த ஓட்டம்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. அதன் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, இன்னும் சூடேறாத உட்சுவர்களில் பட்டு நீராகப் படிந்து ஆயிலோடு கலக்கிறது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூடுதலாகச் செலுத்தப்படும் பெட்ரோலில் எரியாமல் எஞ்சுவதும் இதே வழியில்தான் ஆயிலுக்குள் வருகிறது. நீண்ட நேரம் முழுச் சூட்டில் ஓடினால் இவை இரண்டும் ஆவியாகி, அதற்கென உள்ள வால்வு வழியே மீண்டும் என்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துவிடும். நான்கைந்து கிலோமீட்டரில் அந்தச் சூடு வருவதில்லை. இங்கே ஒரு குழப்பம் நேர்வதுண்டு: டாஷ்போர்டில் தெரியும் வெப்பமானி என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் சூட்டைத்தான் காட்டுகிறது, அது நடுக்கோட்டைத் தொட்ட பிறகும் ஆயில் முழுச் சூட்டை எட்டக் கணிசமான நேரம் பிடிக்கும்.

இப்படித் தங்கிவிடும் பெட்ரோல் ஆயிலின் பாகுத்தன்மையை, அதாவது கெட்டித்தன்மையை, குறைக்கிறது. நீரோ, எரிதலில் உண்டாகும் வாயுக்களோடு சேர்ந்து அமிலமாகிறது. அந்த அமிலத்தை முறிப்பதற்காகவே புதிய ஆயிலில் காரத்தன்மை கொண்ட சேர்மங்களைக் கலந்திருப்பார்கள். அந்தக் கார இருப்பு நாளடைவில் குறைந்துகொண்டே வருவதை ஆய்வகத்தில் அளந்து பார்க்க முடியும். அது குறையும்போது அமிலம் ஏறும். சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளின் உலோகம் அரிபடத் தொடங்குவது அந்தக் கட்டத்தில்தான். கார் நிறுத்தியே கிடந்தாலும், உள்ளே இருக்கும் நீரும் அமிலமும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும் என்பதால்தான் கையேட்டில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் தரப்பட்டிருக்கிறது.

நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கரியையும் கசடையும் கழுவித் தன்னுள் மிதக்க வைத்துக்கொள்ளும் சேர்மங்கள் ஆயிலில் இருக்கின்றன. அவை ஒழுங்காக வேலை செய்தால் ஆயில் கறுக்கத்தான் செய்யும். ஆனால் அது பால் கலந்த காப்பியின் நிறத்துக்கு மாறினால் உடனே கவனியுங்கள். ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் அந்த நிறப் படலம் இருந்தால் குறுகிய ஓட்டத்தின் ஈரமாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் அப்படியே இருந்து கூலன்டின் அளவும் குறைந்துவந்தால், கூலன்ட் ஆயிலோடு கலக்காமல் தடுக்கும் அடைப்பான ஹெட் காஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

ஆகவே, 12 மாதம் என்பது உங்களுக்கு மேல் வரம்பு. அதைத் தாண்டவே கூடாது. கையேட்டைப் புரட்டிப் பாருங்கள், கடினமான சூழலில் ஓடும் வண்டிகளுக்கென்று தனி அட்டவணை இருக்கும். அடிக்கடி குறுகிய தொலைவு ஓடுவதும் அந்தச் சூழல்களில் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. என் பரிந்துரை அந்த அட்டவணையைப் பின்பற்றுவதே.

மதுரை பட்டறை:

மேலே எழுதிய நண்பர் சொன்னதை நான் ஸ்பேனர் பிடித்துக் கண்டிருக்கிறேன். குறைவாக ஓடிய கார் என்று ஆசைப்பட்டுப் பழைய வண்டி வாங்கி வருவார்கள். மேல் மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்புக் கசடு களிம்பைப் போலப் படிந்திருக்கும். அந்தக் கசடு இறங்கி, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பில் ஆயிலை உறிஞ்சும் வாயில் உள்ள வலையை அடைத்துவிட்டால் ஆயில் பிரஷர் விழுந்துவிடும். அதன் பிறகு ஆகும் செலவில் பல ஆண்டுகளுக்கு ஆயில் மாற்றியிருக்கலாம். அதே வேளையில், நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஓடி 10,000 கி.மீ.க்கு ஒரு முறை ஒழுங்காக ஆயில் மாற்றப்பட்ட டாக்சிகளின் என்ஜின்கள் இரண்டு லட்சம் கிலோமீட்டரைக் கடந்த பிறகும் உள்ளே சுத்தமாக இருப்பதைப் பார்க்கிறேன்.

5,000 கி.மீ. என்று உங்கள் தெருப் பட்டறைக்காரர் சொல்வதை நான் குறைத்துப் பேசமாட்டேன். கார்புரேட்டர் வைத்த அம்பாசடரும் பத்மினியும் மினரல் ஆயிலில் ஓடிய காலத்தில் அது சரியான கணக்கு. இன்றைய ஃபியூயல் இன்ஜெக்ஷன் என்ஜினுக்கு, அதற்குரிய ஆயிலை ஊற்றி நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் அவ்வளவு சீக்கிரம் மாற்றத் தேவையில்லை. ஆனால் உங்களைப் போல நகருக்குள்ளேயே ஓட்டுகிறவர் 5,000 கி.மீ.யை எட்டுவதற்குள் ஆண்டே முடிந்துவிடுகிறதே; ஆகையால் மாதக் கணக்கு வேண்டாம் என்னும் பகுதியை மட்டும் நான் ஏற்கவில்லை. 15,000 கி.மீ. யோசனையும் உங்களுக்குப் பொருந்தாது. சிந்தெட்டிக் ஆயில் வெப்பத்தை நன்றாகத் தாங்கும் என்பது உண்மை, ஆனால் எந்த ஆயிலில் பெட்ரோல் கலந்தாலும் அது நீர்த்துத்தான் போகும்.

இடைவெளிக்குச் சமமாக நான் வற்புறுத்துவது கிரேடு, அதாவது ஆயில் எவ்வளவு மெல்லியது அல்லது கெட்டியானது என்பதைக் காட்டும் குறியீடு. உங்கள் காருக்கு 0டபிள்யூ-16 என்னும் மெல்லிய ஆயில் குறிக்கப்பட்டிருக்கக்கூடும், கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சென்னை வெயிலுக்கு இவ்வளவு மெல்லிய ஆயில் தாங்காது என்று சொல்லி 20டபிள்யூ-40 என்னும் கெட்டி ஆயிலை ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெளியே ஊட்டிக் குளிரானாலும் சென்னை வெயிலானாலும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கூலன்டை ஏறத்தாழ ஒரே சூட்டில்தான் வைத்திருக்கிறது. அந்த என்ஜினின் பேரிங் இடைவெளிகளும், வால்வு நேரத்தை மாற்றும் அமைப்புக்குச் செல்லும் நுண்ணிய துளைகளும் மெல்லிய ஆயிலை எண்ணியே வடிவமைக்கப்பட்டவை. கெட்டி ஆயில் ஊற்றினால் காலையில் கிளப்பும்போது மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். கேனில் ஏபிஐ எஸ்பி என்னும் தரக் குறியீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது 2020இல் நடைமுறைக்கு வந்தது.

ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றிவிடுங்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் என்ஜின் வறண்டுவிடக் கூடாது என்பதற்காக பைபாஸ் வால்வு ஒன்று திறந்துகொள்ளும். அப்போது வடிகட்டப்படாத ஆயில் நேராகப் பேரிங்குகளுக்குப் போகும். டிரெயின் போல்ட்டின் வாஷரும் புதிதாக இருக்கட்டும்.

ஓசூர் டீசல்:

இந்த இழையைப் படிக்கும் டீசல் கார்க்காரர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை மாசு வரம்பு விதி) டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்கப் பல என்ஜின்களில் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து சம்புக்கு வருகிறது. நகருக்குள்ளேயே ஓட்டி, எரிப்பு முடிவதற்குள் அடிக்கடி வண்டியை நிறுத்தினால், ஆயில் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி நின்றால், கிலோமீட்டர் எவ்வளவு ஆகியிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ஆயிலும் சாம்பல் குறைவாக விடும் வகையாக இருக்க வேண்டும், ஏனெனில் கரியை எரித்துவிடலாம், சாம்பலோ வடிகட்டியிலேயே தங்கி அதை அடைத்துவிடும்.

வேளச்சேரிவாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. பொங்கல் பயணத்துக்கு முன் மாற்றுவது நல்லதா, ஊரிலிருந்து திரும்பிய பின் மாற்றலாமா? வாரம் ஒரு முறை வீட்டு வாசலிலேயே வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிடம் ஓடவிட்டால் அந்த ஈரம் போய்விடுமா? ஆயில் மாற்றும்போது என்ஜின் ஃப்ளஷ் என்று ஒன்றைச் சேர்த்துச் செய்யச் சொல்கிறார்கள், அது தேவைதானா?

மதுரை பட்டறை:

பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். திருநெல்வேலிக்கு அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறீர்கள். பெட்ரோல் கலந்து மெலிந்த ஆயிலைக் கொண்டு அவ்வளவு தொலைவு வேகமாக ஓட்டுவது பேரிங்குகளுக்குச் சுமை. நின்ற இடத்தில் ஓடவிடுவது பயன் தராது, தீமையே அதிகம். சுமையில்லாமல் ஓடும் என்ஜின் மெதுவாகத்தான் சூடேறும், அதுவரை பெட்ரோலும் நீரும் மேலும் சேரும். அதற்கு மாறாக, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை ஒரு முறை போய் வாருங்கள். நிற்காமல் முக்கால் மணி நேரம் ஓடினாலே ஆயில் நன்றாகச் சூடேறி ஈரம் வெளியேறிவிடும்.

ஆயிலை ஒழுங்காக மாற்றிவந்த என்ஜினுக்கு ஃப்ளஷ் தேவையில்லை. கசடு ஏறிய பழைய என்ஜினில் அதை ஊற்றினால், ஒட்டியிருக்கும் கசடு கட்டியாகப் பெயர்ந்து வலையை அடைத்துவிடவும் கூடும்.

சீல் உடைக்காத கேனை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். ஊற்றி முடித்ததும் காலிக் கேனை ஓட்டை போட்டுவிடுங்கள், ஏனெனில் போலி ஆயில் அடைப்பவர்களுக்குத் தேவைப்படுவது நல்ல நிறுவனத்தின் காலிக் கேன்தான். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது, சென்ட்ரிங் பலகைக்குப் பூச யாருக்கும் கொடுக்கவும் கூடாது. அது சட்டப்படி அபாயகரமான கழிவு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் பட்டறையிலேயே வேலையைக் கொடுங்கள். மாற்றி முடிந்ததும் என்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சமதளத்தில் ஐந்து நிமிடம் காத்திருந்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். ஃபில்டரைச் சுற்றியும் டிரெயின் போல்ட்டிலும் கசிவு இருக்கிறதா என்று அப்போதே ஒரு முறையும், மறுநாள் காலை வண்டி நின்ற தரையில் ஒரு முறையும் பார்த்துவிடுங்கள்.