ஹீட்டர் வால்வுல சொட்டுற தண்ணிய அடைச்ச அனுபவம் யாருக்காவது இருக்கா?

மயிலாடுதுறையிலிருந்து:
மாடி பாத்ரூம்ல 25 லிட்டர் ஹீட்டர். சேஃப்டி வால்வு சொட்டிக்கிட்டே இருந்து சுவரெல்லாம் பாசி. வேற வேலையா வந்த பிளம்பர் அந்த வால்வோட மூக்குல ஒரு டம்மிய வெச்சு, டேப் சுத்தி இறுக்கிட்டுப் போயிட்டார். சொட்டு நின்னுச்சு. நானும் நிம்மதியா இருந்தேன், 19 நாள்.

மார்கழி. காலைல அஞ்சு மணிக்குக் குளிச்சிட்டு கோலம் போடணும்னு அம்மா உள்ள போனாங்க. துண்டு எடுக்கலன்னு திரும்ப வெளிய வந்து கொடில கை வெச்சாங்க. உள்ள ‘டப்’னு ஒரு சத்தம். வெந்நீர் பக்கத்து ஹோஸ் கழண்டு, பாம்பு மாதிரி கதவுல அடிச்சுக்கிட்டு இருக்கு. கதவிடுக்குல ஆவி. மாடித் தொட்டி தண்ணி பின்னாலேர்ந்து தள்ளத் தள்ள கொதிக்கக் கொதிக்க வெளிய வருது. நான் மொட்டை மாடிக்கு ஓடி தொட்டி வால்வை மூடிட்டு வந்தப்பவும் அம்மா அதே இடத்துல துண்டைப் பிடிச்சபடி நின்னாங்க. அவங்க சோப்பு டப்பா தரைத் தண்ணில மிதந்து சுத்திக்கிட்டு இருந்துச்சு. கண்ணை மூடினா அந்த டப்பாதான் தெரியுது.

மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைப் பார்த்துட்டு நல்லா இருக்கு, 65 டிகிரில கரண்டு கட் ஆகுதுன்னு சொல்லிட்டார். அப்புறம் ஏன் வெடிச்சுது?

கும்பகோணத்திலிருந்து:
தெர்மோஸ்டாட்தான் போயிருக்கும் தம்பி, வேற ஆளை வெச்சுப் பாருங்க. எங்க பாட்டி வீட்டுல செம்பு பாய்லர். நடுக்குழாய்ல கரியப் போட்டு, புனல்ல ஒரு சொம்பு பச்சத்தண்ணி ஊத்தினா அந்தப் பக்கம் ஒரு சொம்பு வெந்நீர் வரும். அத்தனை வருஷத்துல வால்வும் இல்ல, வெடிப்பும் இல்ல. அது ஒரு நாள் என் கையச் சுட்டதுதான், வடு இப்பவும் இருக்கு. இந்தக் கரண்டு டேங்குகள்மேல எனக்கு நம்பிக்கை வரல.

திருவாரூரிலிருந்து:
கும்பகோணம் ஐயா, மன்னிக்கணும். உங்க பாய்லருக்கு வாய் திறந்திருக்கு. தண்ணி சூடாகிப் பெருகினா புனல் வழியா ஏறிக்கும், அதனால அழுத்தமே சேராது. மயிலாடுதுறை அண்ணன் வீட்டு டேங்குக்கு அந்த வாயத்தான் அடைச்சுட்டாங்க.

தெர்மோஸ்டாட்ல குறையே இருக்க வேணாம் அண்ணே. 25 டிகிரி தண்ணி 65-க்குப் போனா நூத்துக்கு ஒன்றரைக்கு மேல பெருகும். 25 லிட்டருக்கு சுமார் 400 மில்லி, ரெண்டு டம்ளர். அந்த வால்வுக்குள்ளயே ஒன்-வே இருக்கு, மாடித் தொட்டிக்குத் திரும்பிப் போகவும் முடியாது. பெருகின தண்ணி வெளிய போக இருந்த ஒரே வழி அந்த மூக்கு. அதை அடைச்சா தினம் காலைல ஹோஸோட கழுத்துல அழுத்தம் ஏறி இறங்கும். 19 நாள் தாங்கினதே பெரிசு.

நான் ஹீட்டர் சர்வீஸ் பண்றவன், அதனால நீங்க கேக்காததையும் சொல்லிடறேன். மூக்குல சின்ன டியூப் மாட்டி தரை ஓட்டைக்கு இறக்கி விடுங்க, பாசி வராது. டியூப் நுனியையும் எதுலயும் அடைக்காதீங்க. வால்வுல லீவர் இருந்தா மாசம் ஒரு தடவை தண்ணி ஆறியிருக்கும்போது தூக்கிப் பாருங்க, பீச்சணும். லீவர் கெட்டியா இருந்தா வால்வு செத்துப்போச்சு. 2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அதுக்கு 16 ஆம்பியர் பிளக்குதான் வேணும். ஃபேன் பாயின்ட்லேர்ந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து மாட்டினதை நானே பல வீட்டுல கழட்டியிருக்கேன். எர்த் கம்பி நெஜமாவே மண்ணுக்குப் போகுதான்னு பாருங்க, பிளக்குல மூணாவது முள்ளு இருக்குறது மட்டும் பத்தாது. கரண்டு கசிஞ்சா தானா அணையற டிரிப்பர் ஒன்னும் போடுங்க. சுவிட்சை அணைச்சிட்டுக் குளிங்க.

எனக்கு மறக்காதது கஜா புயல். 2018 நவம்பர் 16. மன்னார்குடி பக்கம் ஒரு வீட்டுல மாடித் தொட்டி காத்துல போயிடுச்சு, ஹீட்டர்ல ஒன்-வே இல்ல, டேங்கு தண்ணி பூரா பின்வழியா இறங்கியிருக்கு. சுவிட்சு ஆன்லயே இருந்தது யாருக்கும் ஞாபகமில்ல. நாள் கணக்கா இல்லாத கரண்டு வந்தப்ப தெருவே கைதட்டுச்சாம். அந்த வீட்டு பாத்ரூம்ல மட்டும் பெயின்ட் கருகின வாடை. நான் கழட்டினப்ப காயில் ரெண்டா ஒடிஞ்சு கிடந்துச்சு.

வேதாரண்யத்திலிருந்து:
சொட்டுறது சாதாரணம்னு யாரும் முடிவு பண்ணிடாதீங்க சார். சூடாகும்போது சொட்டினா சரி. எங்க வீட்டுல ஹீட்டர் அணைஞ்சிருந்தும் ராத்திரி முழுக்க சொட்டுச்சு. வால்வுக்குள்ள உப்புக்கட்டி மாட்டி மூட விடல. புது வால்வு போட்டதும் நின்னுடுச்சு. அடைக்கறதுக்கும் மாத்தறதுக்கும் செலவுல பெரிய வித்தியாசம் கிடையாது.

போர் தண்ணிய விட்டுத்தான் ரெண்டு வருஷம் ஓட்டினோம். கழட்டின அன்னிக்கு அடியிலேர்ந்து வெள்ளைச் செதிலா ஒரு கொட்டாங்கச்சி நிறைய வழிச்சு எடுத்தாங்க. டேங்கு துரு பிடிக்காம இருக்க உள்ள ஒரு மக்னீசியம் ராடு வைப்பாங்க, டேங்குக்குப் பதிலா அது கரையும். கட்டைவிரல் தடிமன் இருக்க வேண்டியது, எங்களோடது வெறும் கம்பியா வந்துச்சு. அதைக் கைல வெச்சுப் பார்த்தப்ப வயித்தக் கலக்கிடுச்சு. இப்ப கொள்ளிடம் குழாய்த் தண்ணி வர்ற நாள்ல அதைத்தான் தொட்டிக்கு ஏத்தறோம். ராடை வருஷா வருஷம் பார்க்கறோம்.

தஞ்சாவூரிலிருந்து:
எங்கள் வீட்டில் எதுவும் வெடிக்கவில்லை. மாமனார் தனக்குச் சூடு பற்றவில்லை என்று ஹீட்டரில் சூட்டைக் கூட்டும் திருகை முழுசாகத் திருப்பி வைத்திருந்தார். எனக்குச் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. நான் பக்கெட்டில் பச்சைத்தண்ணீர் கலக்கும் முன்பே மூன்று வயதுப் பையன் குழாயடியில் காலை நீட்டிவிட்டான். அழக்கூட இல்லை, ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான். பிறகுதான் அலறினான். 60 டிகிரியில் பெரியவர்கள் தோலே சில நொடியில் வெந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். இப்போது பக்கெட்டில் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். மாமனாரும் அப்படியே செய்கிறார்.

மயிலாடுதுறையிலிருந்து:
திருவாரூர் தம்பி சொன்னதுதான் சரி. புது வால்வு போட்டு டியூப் இறக்கியாச்சு. காலைல அளந்தேன், ரெண்டு டம்ளருக்குக் கொஞ்சம் கம்மி. அம்மா இன்னும் மாடி பாத்ரூமுக்குப் போகல. கேஸ்ல அண்டா வெச்சு, கொதிக்கற தண்ணிய ரெண்டு கையால தூக்கிக்கிட்டு ஈரத்தரைல நடக்கறாங்க. இதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பயமா இருக்கு. நாளைக்குக் கீழ பாத்ரூமுக்கே ஹீட்டரை மாத்தறேன். வேதாரண்யம் சார், அந்த ராடு வாங்கறப்ப என்ன அளவு சொல்லிக் கேக்கணும்?