மணிக்கட்டில் சிலுவை பச்சை குத்தலாமா?

பரந்தன் பெடியன்: சின்னதாக ஒரு சிலுவை குத்த ஆசை. அம்மா பைபிளில் பச்சை குத்தாதே என்கிற லேவியராகமம் 19:28ஐக் காட்டி, குத்தினால் வீட்டுப் பக்கம் வராதே என்கிறா. உண்மையிலேயே பாவமா?

மடு ரோட் அக்கா: தம்பி, அந்த வசனம் செத்தவர்களுக்காக உடம்பைக் கீறுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறது, அந்நியச் சனத்தின் சடங்கைத்தான் தடுக்கிறது என்று பலர் விளக்குவார்கள். முந்தின வசனத்தில் தாடி ஓரத்தையும் வெட்டாதே என்றிருக்கிறது, எங்கள் பாஸ்டரோ தினமும் சவரம் செய்கிறார்! எகிப்தின் கொப்டிக் கிறிஸ்தவர்கள் மணிக்கட்டில் சிலுவை குத்துவது பழைய வழக்கம்.

கிளிநொச்சி தாதி: பாவம் இருக்கட்டும், ஊசியைப் பாருங்கோ. ஒருவருக்குக் குத்திய ஊசியையோ மையையோ இன்னொருவருக்குப் பாவித்தால் ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. கூடத் தொற்றலாம். திருவிழாக் கடையில் குத்தவே வேண்டாம், புது ஊசியைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். காது குத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன்: சோணை சில வாரங்களில் ஆறும், மேல் குருத்தெலும்பு மாதக்கணக்கில் இழுக்கும், அங்கே சீழ் பிடித்தால் காதின் வடிவமே கெடலாம்.

பரந்தன் பெடியன்: நன்றி. அம்மாவிடம் பாஸ்டரின் தாடியைச் சொல்லட்டா?

மடு ரோட் அக்கா: அடிதான் விழும். முதலில், கருத்து வேறுபட்டாலும் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்காதீர்கள் என்கிற ரோமர் 14ஐ வாசி, அப்புறம் அம்மாவோடு ஆறுதலாகக் கதை.