8 நானோமீட்டர் நியோபியம் ஃபிலிம்ல டிசி (Tc, சூப்பர்கண்டக்டராகி ரெசிஸ்டன்ஸ் ஜீரோ ஆகுற வெப்பநிலை) 6.4 கெல்வின் தான் வருது, ஏன்?

லேப்கோட்:
எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு சிலிகான் வேஃபர் மேல நியோபியம் ஸ்பட்டர் பண்ணி (அயனிகளால அடிச்சு அணுக்களப் பெயர்த்து படலமா படிய வச்சு) ஃபோர் ப்ரோப்ல, அதாவது நாலு முனை வச்சு, ரெசிஸ்டன்ஸ் பாக்குறேன். புக்ல 9.2 கெல்வின்னு இருக்கு. 100 நானோமீட்டர் ஃபிலிம் 9.0ல சட்டுனு விழுந்துருச்சு, ஓகே, ஆனா 8 நானோமீட்டர் ஃபிலிம் 6.4க்கு வந்தப்புறம் தான் ஜீரோ ஆகுது, அதுவும் மெதுவா சரிஞ்சு. ரெண்டு தடவ திருப்பி எடுத்துட்டேன், அதே தான். மெட்டீரியல் ஒண்ணு தானே, மெலிசாக்கினா டிசி ஏன் மாறணும்?

வேக்கம்பம்ப்:
100 நானோமீட்டர்ல சரியா காட்டிருக்குல்ல, அப்ப தெர்மாமீட்டர் மேல தப்பில்ல தம்பி. நியோபியம் ஆக்சிஜன விடாம இழுத்துக்கும், உள்ள 1 அணு சதவீதம் கரைஞ்சாலே டிசி கிட்டத்தட்ட 0.9 கெல்வின் இறங்கிரும். இது போக வெளிய எடுத்ததும் மேல சில நானோமீட்டர் ஆக்சைடாயிரும், 100ல அது ஒரு கணக்கே இல்ல, 8ல பெரிய பங்கு போயிருச்சு. ரூம் டெம்பரேச்சர் ரெசிஸ்டன்ஸ 10 கெல்வின் ரெசிஸ்டன்ஸால வகுத்துப் பாத்தீங்களா? ஆக்சிலரேட்டர் கேவிட்டி செய்யுற பல்க் (ஃபிலிமா இல்லாத கனமான துண்டு) நியோபியத்துல அது 300 வரைக்கும் வரும், எவ்வளவு பெருசோ அவ்வளவு சுத்தம்.

லேப்கோட்:
பாத்தேன் அண்ணா, 1.7 தான் வருது.

மெல்லிய படலம்:
அப்ப எலக்ட்ரான் நாலு எட்டு வைக்குறதுக்குள்ள எதுலயாவது இடிச்சுக்குது. அப்படி இடிச்சு இடிச்சு நகரும்போது எலக்ட்ரான்களுக்குள்ள இருக்குற விலக்குவிசை சரியா மறைபடாது, சூப்பர்கண்டக்டிவிட்டிக்குக் காரணமான எலக்ட்ரான் ஜோடி சேர்றது பலவீனமாயிரும். ஆனா மெலிசானா டிசி குறையும்னு பொதுவா எழுதிராதீங்க. அலுமினியம் பல்க்ல 1.2, மெல்லிய ஃபிலிம்ல 2 கெல்வினத் தாண்டும். ஈயம் பல்க்ல 7.2, சிலிகான் மேல ஒரே அணு அடுக்கா போட்டா 1.8. எனக்கு ரொம்பப் பிடிச்சது அயர்ன் செலினைடு தான், பல்க்ல 8 கெல்வின், 2012ல பெய்ஜிங் சிங்ஹுவா குழு அதையே ஒத்த அடுக்கா ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் மேல வளர்த்தப்ப கிடைச்ச எனர்ஜி கேப் (ஜோடிய உடைக்கத் தேவையான ஆற்றலோட அளவு) டிசி 77 கெல்வின் பக்கம் போகலாம்னு காட்டுச்சு. அந்த அளவுல அடியில இருக்குற சப்ஸ்ட்ரேட்டையும் மெட்டீரியல்ல சேத்துக்கணும்.

வேக்கம்பம்ப்:
காந்த ஃபீல்டு வச்சு அளக்கப் போறீங்கன்னா இன்னொண்ணு. பல்க் அலுமினியம் 0.01 டெஸ்லாலயே செத்துரும், சில நானோமீட்டர் ஃபிலிமுக்குத் தளத்துக்கு இணையா ஃபீல்டு குடுத்தா சில டெஸ்லா வரைக்கும் தாங்கும், ஏன்னா ஃபீல்டு ஊடுருவுற ஆழத்தவிட ஃபிலிம் ரொம்ப மெலிசு, அதத் தடுக்கப் பெருசா ஆற்றல் செலவே ஆகாது. செங்குத்தா குடுத்தா வோர்டெக்ஸ் (காந்தப்புலம் உள்ள நுழையுற சின்னச் சுழல்) உள்ள பூந்துரும், அதனால சாம்பிள் சாயாம மவுண்ட் பண்ணுங்க. அடுத்த ஃபிலிமுக்கு முன்னாடி வேஃபர மறைக்குற ஷட்டர மூடிவச்சு கொஞ்ச நேரம் நியோபியத்த ஸ்பட்டர் பண்ணுங்க, சுவர்ல படியுற நியோபியமே மிச்ச ஆக்சிஜன உறிஞ்சிக்கும். முடிஞ்சதும் வேக்கம் உடைக்காம மேல மெலிசா சிலிகான் போட்டு மூடிருங்க.

லேப்கோட்:
சேம்பர் புதன்கிழமை கிடைக்குது. 8, 20, 40 மூணும் மூடி போட்டு எடுத்துட்டு கிராஃப் இங்கயே போடுறேன்.