புதுப்பிப்பு: வேலியில் பிடித்த பச்சோந்தி

மட்டக்களப்பு வவுணதீவில் மச்சான் வீட்டுக் கிளுவை வேலியில் கண்ட பச்சோந்தியை மகன் கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான், கிண்ணத்துத் தண்ணீரைத் தொடவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

தண்ணீர்ச் சிக்கல் மறுநாள் காலையே தீர்ந்தது. பச்சோந்தி தேங்கிய நீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் நிற்கும் துளிகளைத்தான் குடிக்கும். முருங்கைக் கொப்பு ஒன்றை உள்ளே வைத்து நீர் தெளித்தோம். ஒரு கண் மகனைப் பார்த்தபடியிருக்க, மறு கண் மட்டும் துளியை நோக்கித் திரும்பியது. பிறகு மெல்ல வாயைத் திறந்து, துளி துளியாக வெகுநேரம் குடித்தது. எவ்வளவு தாகத்தோடு கிடந்திருக்கிறது! எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

ஆனால் இது ஓணான் அல்ல. இலங்கையில் இயற்கையாக வாழும் ஒரே பச்சோந்தி இனம், நம் உலர் வலயத்துக்குரியது, சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அனுமதியின்றி வீட்டில் வைத்திருக்கவே கூடாது. அதனால், பெரிய கூண்டு செய்யச் சொன்ன ஆலோசனையை நான் ஏற்கவில்லை.

ஞாயிறு காலை வலையிறவுப் பாலம் கடந்து அதே வேலிக்குப் போனோம். மகன் அழுதான், ஆனாலும் தன் கையாலேயே விட்டான். இரண்டும் மூன்றுமாகப் பிரிந்த விரல்களால் கொப்பைக் கவ்வி, காற்றில் இலை ஆடுவதுபோல் ஆடி ஆடி உள்ளே போனது. சற்று நேரத்தில் எது இலை, எது அது என்று எங்களுக்கே தெரியவில்லை.